ஆகாய வழியும் தரை வழியும்

செந்தில்முருகனுக்கு எதையும் தூரம் அளந்து பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில், முத்துராணியின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னாலேயே, சேலத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கல்லிடைக்குறிச்சி எத்தனை கிலோமீட்டர் என்று செல்போனைப் பார்த்து அவள் அப்பாவிடம் ஒப்பித்தவன் அவன். அதைச் சொல்லிச் சொல்லி முத்துராணி அவனை ஐந்து வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

ஆகவே, பாளையங்கோட்டைக்கு மாற்றல் கிடைத்து, சேலத்து வீட்டை விற்று, ஊரோடு வந்துவிடுவது என்று முடிவானதும் அவன் முதலில் செய்த காரியம் வழி பார்த்ததுதான். தரை வழியாக நானூறு கிலோமீட்டருக்குப் பக்கம், காரில் ஏழு மணி நேரம். ஆகாய வழியாக முந்நூற்று நாற்பது, ஒரு மணி ஐந்து நிமிடம். சேலத்து விமான நிலையமும் இந்தப் பக்கம் வாகைக்குளத்து விமான நிலையமும் வரைபடத்தில் நேர் வடக்கு தெற்காக, அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டதுபோல இருந்தன. இரண்டுமே ஒரு கல்யாண மண்டபத்தைவிடக் கொஞ்சம் பெரிய விமான நிலையங்கள். அந்த வருஷம்தான் இரண்டுக்கும் நடுவே விசிறி வைத்த ஒரு சின்ன விமானத்தை விட்டிருந்தார்கள்.

விமானத்தில் போவதற்குப் பவுசு காரணமில்லை. முத்துராணிக்கு ஏழாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது, இன்னொன்று ஐந்தாம் மாதத்தில். மூன்றாவது போனால் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று செந்தில்முருகனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். காரில் ஏழு மணி நேரம் குலுங்கக் கூடாது, விமானம் என்றால் பரவாயில்லை என்று சேலத்து டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

முத்துராணியை ஏற்றிக்கொண்டு வருவதில் சிக்கல் இல்லை. இசக்கியம்மனை எப்படி ஏற்றிக்கொண்டு வருவது என்பதில்தான் சிக்கல்.

செந்தில்முருகனின் அப்பா காசிலிங்கம் ஆலை வேலைக்கு என்று சேலம் போனபோது, மணிமுத்தாறு பக்கத்துச் சொந்த ஊரில் இருந்த இசக்கியம்மன் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போனார். அந்த மண்ணை வைத்து, சேலத்து வீட்டுப் பின்புறம் வேம்புக்கு அடியில் பீடம் கட்டிக் கும்பிட்டார். பிடிமண் எடுத்தால் தெய்வமும் மண்ணோடு கூட வரும், ஆனால் சும்மா வராது. எடுத்தவர் போய்ச் சேரும்வரை மண்ணைத் தரையில் வைக்கக் கூடாது. வழியில் ஆறு குறுக்கிட்டால் நின்று, எலுமிச்சம்பழம் வைத்து, இன்ன ஆறு வந்துவிட்டது, தாண்டி வா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் தண்ணீரைத் தாண்ட அவளால் ஆகாது. காசிலிங்கம் ஒவ்வொரு பாலத்திலும் லாரியை நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை.

அவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி இசக்கித்தாய் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கே திரும்பிவிட்டாள். வீட்டை வாங்குகிறவன் பீடத்தை இடித்து அந்த இடத்தில் கார் நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தான். அம்மனை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. இத்தனை ஆற்றுக்கும் ஆகாயத்தில் எங்கே நிறுத்துவாய் என்று இசக்கித்தாய் போனில் கேட்டாள். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை கூப்பிட்டால் போதாதா, ஒரு மணி நேர வழிக்கு எதற்கு இத்தனை பாடு என்றான் மகன். இசக்கித்தாய் அதோடு விட்டுவிட்டாள். பேரப்பிள்ளை பத்திரமாக வந்தால் போதும் என்றுதான் அவளுக்கும் இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் செந்தில்முருகன் பீடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தான். விமான நிலையச் சோதனையில், பூசைக்குக் கொண்டுபோன தேங்காயை எடுத்துப் போட்டுவிட்டார்கள். முடிச்சில் என்ன என்று கேட்டு, மண் என்றதும் அந்த அதிகாரி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

விமானம் கிளம்பப்போகும் நேரத்தில் பணிப்பெண் வந்து, கையில் வைத்திருப்பதைக் கீழே, முன்சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். கீழே வைக்கக் கூடாதம்மா என்றான் இவன். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றாள் அவள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு முகம் சிவந்து வியர்த்தது. முத்துராணி பார்த்தாள். அவன் கையிலிருந்த முடிச்சைச் சட்டென்று வாங்கித் தன் வயிற்றின்மேல் வைத்து, மாம்பழ மஞ்சள் சேலையின் பச்சைக் கரை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பணிப்பெண் போய்விட்டாள். அவன் நன்றியோடு அவளைப் பார்த்தான்.

விமானம் ஓடியது. சக்கரம் தரையை விட்ட அந்த நிமிஷத்தில் வயிற்றுப் பிள்ளை ஒரே ஒரு உதை உதைத்தது. அப்படி ஒரு உதையை அவள் அதுவரை வாங்கியதில்லை. கையிலிருந்து குதித்து இறங்குகிற பிள்ளை உந்துவதுபோல இருந்தது. அதன் பிறகு அது அசையவில்லை.

சன்னலோரத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். கீழே காவேரி தெரிந்தபோது, அவன் எட்டிப் பார்க்க முடியாததால், அவளே வாய்க்குள் கூப்பிட்டாள். இசக்கியம்மா, காவேரி வந்தாச்சு, தாண்டி வா என்றாள். வைகையை மேகம் மறைத்துவிட்டது. வாகைக்குளத்தில் இறங்கி, காரில் வல்லநாட்டுப் பாலம் வந்தபோது செந்தில்முருகன் வண்டியை நிறுத்தி, தாமிரபரணிக்கு எலுமிச்சம்பழம் வைத்து முறையாகக் கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்க அங்கே யாரும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

ஊரில் பழைய கோயிலுக்குப் பக்கத்திலேயே புதுப் பீடம் தயாராக இருந்தது. மண்ணை உள்ளே வைத்துப் பூசி, இசக்கித்தாய் விளக்கேற்றினாள். அணைந்தது. காற்று இல்லை. திரும்ப ஏற்றினாள், திரும்ப அணைந்தது. எண்ணெயை மாற்றி, திரியை மாற்றி ஏற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. அவள் தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மண்ணு வந்துட்டு," என்றாள். "அவ வரல."

மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளைக்கு இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது, வளர்ச்சி ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அசையவே இல்லை என்றார் டாக்டர். தட்டிப் பார்த்தார்கள், இனிப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். திரையில் பிள்ளை வெறும் உடம்பாகக் கிடந்தது. வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே விளக்கு மட்டும் எரிகிறது என்று முத்துராணிக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லப் பயமாக இருந்தது. கட்டில் போட்டு அங்கேயே தங்க வைத்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் பெருமாள்ராஜ் போன் செய்தான். செந்தில்முருகனோடு படித்தவன், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரிக்காரன். சேலத்துக்கு இந்தப் பக்கம், காவேரிப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது பார்த்ததாகச் சொன்னான்.

"ஏலே செந்திலு, ஒம் பொஞ்சாதிய எதுக்குல இப்படி ரோட்டுல நடக்க விட்டுருக்க? மஞ்சச் சேல, பச்சக் கர. கையில ஒரு பொடிப்புள்ள. அதுக்கு நடக்கவே தெரியாதுல. விரலப் புடிச்சிக்கிட்டுப் பைய வருது. நான் வண்டிய ஓரங்கட்டி இறங்குறதுக்குள்ள ஆளக் காணும்."

செந்தில்முருகன் சிரித்தான். முத்துராணி இதோ என் முன்னால் படுத்திருக்கிறாள், எங்களுக்கு ஏது பிள்ளை, தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதே என்றான். மறுமுனையில் பெருமாள்ராஜ் போனை வைத்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் செந்தில்முருகனுக்கு ஒன்று உறைத்தது. அந்தச் சேலை போன வாரம்தான் எடுத்தது. பெருமாள்ராஜ் அதைப் பார்த்ததே இல்லை.

சில நாள் கழித்து மதுரையிலிருந்து சித்ரலேகா கூப்பிட்டாள். முத்துராணியின் பெரியம்மா மகள், வைகைக் கரையோரம் கடை வைத்திருக்கிறவள். முதல் நாள் உச்சி வெயிலில் ஒரு பெண் ஒரு பிள்ளையோடு ஆற்று மணலில் இறங்கிக் குறுக்கே நடந்து போனதாகவும், முத்து என்று தான் கத்தியதும் திரும்பிப் பார்த்ததாகவும் சொன்னாள்.

"மூஞ்சி ஒன் மூஞ்சிதாண்டி. ஆனா அவளுக்கு என்னத் தெரியல. புள்ளதான் என்னப் பாத்துச் சிரிச்சுது," என்றாள்.

முத்துராணி போனை வைத்துவிட்டு மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள். விமானத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். முடிச்சை வாங்கி வயிற்றின்மேல் வைத்ததைச் சொன்னபோது இசக்கித்தாய் அதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். இசக்கியம்மன் சன்னிதியில் மண்ணையும் பிள்ளையையும் ஒன்றாக வைப்பது அந்தக் குடும்பத்தில் ஒரு காரியத்துக்கு மட்டும்தான். தங்காத பிள்ளையை, இது உன் பிள்ளை, நீயே வைத்துக்கொள் என்று அம்மனிடம் ஒப்படைக்கிறவர்கள் செய்வது அது.

"வயித்து மேல மண்ண வச்சா அவ என்னன்னு நெனப்பா?" என்றாள் இசக்கித்தாய். "புள்ளய எங்கையில குடுத்துட்டாவன்னுதான் நெனப்பா. நீங்க மேல ஏறிட்டிய. அவளுக்கு மண்ணுல கால் வச்சித்தான் வரத் தெரியும். ஒம் முந்தானக்குள்ள இருந்தவ, ஒன் உருவத்துலயே, புடிச்ச கைய விடாமக் கூட்டிட்டு வாரா."

முத்துராணி அழுதாள். கெட்டது செய்யவில்லையே, கூட்டிக்கொண்டுதானே வருகிறாள் என்று மாமியார் தேற்றினாள். அமராவதியிலும் வைகையிலும் மணல்தான் கிடக்கிறது, அங்கெல்லாம் யாரும் கூப்பிட வேண்டிய அவசியம் இருந்திருக்காது. தாமிரபரணி அப்படி இல்லை. அவள் மதுரை ரோட்டில் நேராகத் திருநெல்வேலிக்கு வந்து, கொக்கிரகுளத்துப் பாலத்துக்கு அக்கரையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அங்கே போய்க் கூப்பிட வேண்டும். என்னிடம் வா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே, வந்தால் உன்னை விட்டுப் போக மாட்டாள் என்றாள் இசக்கித்தாய். எப்போது வருவாள் என்பதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செந்தில்முருகன் செல்போனை எடுத்தான். இந்த விஷயத்தில் நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனால் தூரம் என்று ஒன்று இருந்தால் அவனால் அளக்காமல் இருக்க முடியாது. காவேரிப் பாலத்திலிருந்து வைகை நூற்று அறுபது கிலோமீட்டர், நாலு நாளில் வந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது. வைகையிலிருந்து கொக்கிரகுளமும் ஏறக்குறைய அதே நூற்று அறுபது. வெள்ளிக்கிழமை உச்சிக்கு வருவாள் என்று வந்தது. திரும்பப் போட்டுப் பார்த்தான். அதேதான் வந்தது.

வியாழக்கிழமை இரவிலிருந்து பிள்ளையின் துடிப்பு குறையத் தொடங்கியது. காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் காத்திருக்க முடியாது, பதினோரு மணிக்கு எடுத்துவிடலாம் என்றார். ஏழு மாதப் பிள்ளை, அசைவும் இல்லை, கையில் கிடைத்தால் பார்க்கலாம் என்று அவர் சொன்ன விதத்தில் கிடைக்காது என்பது இருந்தது. சாயங்காலம் வரை பொறுங்கள் என்று செந்தில்முருகன் கெஞ்சினான். ஏன் என்று அவர் கேட்டார். அவன் செல்போனில் போட்ட கணக்கைப் பார்த்தான். படித்தவர்கள் இப்படிச் செய்யலாமா என்று அவர் கோபித்துக்கொண்டு போனார். அவர் மேலும் குற்றமில்லை.

வெறும் உடம்பை எடுத்து என்ன செய்ய என்று முத்துராணிக்குத் தோன்றியது. எழுந்து, கையில் குத்தியிருந்த ஊசியை அவளே உருவினாள். செந்தில்முருகன் தடுப்பான் என்று நினைத்தாள். அவன் ஓடிப்போய் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தான்.

"தச்சநல்லூர் தாண்டியிருப்பா," என்றான். ஆட்டோக்காரர் யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து வேகமாக ஓட்டினார்.

கொக்கிரகுளம் படித்துறையில் நல்ல வெயில். ஆற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின்மேல் டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கீழே நாலைந்து பேர் குளித்தார்கள், ஒருவர் சோப்புப் போட்டு மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். இத்தனை ஆள் நடமாட்டத்துக்கு நடுவே, அக்கரையில், சிந்துபூந்துறைப் பக்கம் மருத மரத்து நிழலில் அவள் நின்றாள்.

மாம்பழ மஞ்சள் சேலை, பச்சைக் கரை. கரையெல்லாம் புழுதி. முகம் முத்துராணியின் முகம்தான், கண்ணாடியில் தினம் பார்க்கிற அதே முகம், ஆனால் கண் இமைக்கவில்லை. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கயிறு மட்டும் கட்டிய ஒரு பெண்பிள்ளை நின்றது. நிற்கவே தெரியாத வயசு. அது நின்றது. வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, தாகத்தோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. முத்துராணிக்கு மார்பு கனத்து வலித்தது.

"தெரியுதா?" என்று மாமியார் கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. செந்தில்முருகனுக்கும் தெரியவில்லை. ஆனாலும் அவன் அந்த மரத்துப் பக்கமே பார்த்துக் கைகூப்பி நின்றான்.

என்கிட்ட வா என்று கத்தத்தான் முத்துராணிக்கு வாய் துடித்தது. அப்படிக் கூப்பிட்டால் பிள்ளையும் வரும், அவளும் வருவாள், வந்து இந்த உடம்பிலேயே இருப்பாள். பிள்ளை வந்தால் போதும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு, தன் முகத்தோடு இமைக்காமல் நிற்கிற அந்தக் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணால் பிள்ளையைப் பார்க்க அவளுக்கு மனசில்லை. தண்ணீருக்குள் இரண்டு படி இறங்கினாள்.

"இசக்கியம்மா, தாமிரவருணி வந்தாச்சு. ஒன் பூடம் மணிமுத்தாத்துல காத்துக் கெடக்கு தாயி, நீ அங்கன போ. எம் புள்ளய நான் ஒங்கிட்ட குடுக்கல. தெரியாம வச்சிட்டேன். இம்புட்டுத் தூரம் விடாமக் கூட்டியாந்த, அதுக்கு நான் சாகுற வரைக்கும் ஒனக்குக் கடமப்பட்டவ. அத எங்கிட்ட அனுப்பிரு."

அக்கரையில் அவள் குனிந்தாள். பிள்ளையின் காதில் என்னமோ சொன்னாள். அது தலையாட்டியது. பிறகு அவள் தன் விரலை, பிள்ளையின் கையிலிருந்து பைய உருவிக்கொண்டாள்.

பிள்ளை தனியாகத் தண்ணீரில் இறங்கியது. முத்துராணி இமைக்கவில்லை. முழங்கால் தண்ணீர் என்பது பெரியவர்களுக்கு. அதற்கு இரண்டு எட்டில் இடுப்பு, நாலு எட்டில் கழுத்து. குளித்துக்கொண்டிருந்தவர் அதன் வழியிலேயே முங்கி எழுந்தார், அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. நடு ஆற்றில் பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து முத்துராணியைப் பார்த்தது. அடுத்த எட்டில் தலை முங்கியது. மேலே எழவில்லை.

முத்துராணி கத்திக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தாள். செந்தில்முருகன் பின்னால் ஓடி அவள் தோளைப் பிடித்தான். அவள் அவனை உதறினாள். உதறிய கை அப்படியே நின்றது. வயிற்றுக்குள் ஒரு உதை. அடுத்து இன்னொன்று. பிறகு ஓயாமல், இடமும் வலமுமாக, தண்ணீருக்குள்ளிருந்து கரையேறுகிற பிள்ளை கையையும் காலையும் அடித்துக்கொள்வதுபோல. அவள் அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். அக்கரையில் மரத்தடி காலியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கினார்கள். கருவியை வைத்துப் பார்த்த டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். அறுவை வேண்டாம் என்றார். அன்று பொழுது சாய்ந்து இசக்கித்தாய் ஊருக்குப் போய் விளக்கேற்றினாள். விளக்கு நின்று எரிந்தது.

பத்தாம் மாதத்தில், குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாக, முத்துராணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். துடைத்துக் கொண்டுவந்த நர்ஸம்மா மட்டும் பிள்ளையை உடனே கையில் கொடுக்காமல் தயங்கினாள். நாள் தள்ளிப் பிறக்கிற பிள்ளைகளுக்குத் தோல் உரிவது உண்டு, இது நாள் தள்ளவும் இல்லை, உரியவும் இல்லை, எத்தனை தடவை துடைத்தாலும் போகவில்லை என்று, தன் மேல்தான் தப்பு என்பதுபோலச் சொன்னாள். பிறகு துணியை விலக்கிப் பிள்ளையின் உள்ளங்காலைக் காட்டினாள்.

இரண்டு பாதமும் காய்த்துப் போயிருந்தன. குதிகாலில் விரல் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. வெடிப்புக்குள் கறுப்பாக ரோட்டுத் தார்.

செந்தில்முருகன் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டான். முத்துராணி பிள்ளையை வாங்கி, அந்தக் கால்களை ஒரு கைக்குள் அடக்கிக்கொண்டு குனிந்தாள்.

"ரொம்ப வலிச்சுதாட்டி, எம்மா?" என்று கேட்டாள்.

பிள்ளை காலை இழுத்துக்கொண்டது.